எலித் தொல்லை: ஸ்பிரிங் ஏர்கன் எது வாங்கலாம்? (அவசரம்)

கீழ்மலைக்காரன்
வணக்கம் நண்பர்களே. ஒரு நல்ல ஸ்பிரிங் ஏர்கன் வேண்டும். சிலிண்டரில் காற்று அடைக்கிற வகை வேண்டாம், பேரலை மடக்கி லோடு பண்ணுவது போதும். பத்தாயிரத்துக்குள் பவர் அதிகம் உள்ளது எது? ஞாயிறு மலையிலிருந்து இறங்கி மதுரை போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது. எலித் தொல்லை தாங்க முடியவில்லை.

ஊட்டி கேரட்
எங்கே எலி? வீட்டிலா, கொட்டகையிலா, வயலிலா? எத்தனை அடி தூரம்? இதுவரை ஏர்கன் பிடித்திருக்கிறீர்களா?

மெக்கானிக் மாமா
தம்பி, மலையில் ஸ்பிரிங் வாங்கவே வாங்காதீர்கள். குளிரில் ஸ்பிரிங் செத்துவிடும். கேஸ் பிஸ்டன் வாங்குங்கள், அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த கேஸ்தான் பிஸ்டனைத் தள்ளும். என் மச்சான் கொடைக்கானலில் வைத்திருக்கிறான், அருமையாக இருக்கிறது.

பழைய குழல்
மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, சொல்கிறேன்.

"பவர் அதிகம்" என்று கேட்பதே தப்பு. ஆயுத விதிகள் 2016 படி 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல், இந்த இரண்டுக்கும் உட்பட்டதற்குத்தான் லைசன்ஸ் வேண்டாம். 5.5 மி.மீ. கேட்டால் கலெக்டர் ஆபீஸ் படி ஏற வேண்டும். அரை கிராம் பெல்லட் (ஏர்கன் குண்டு) வினாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனாலே 20 ஜூலைத் தொட்டுவிடும், அதாவது சுமார் 920 அடி. இப்போது டப்பாவில் "1,200 அடி" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒன்று, காற்றில் பறக்கிற மாதிரி லேசான பெல்லட்டைப் போட்டு அளந்திருப்பார்கள். இல்லையென்றால் அது லைசன்ஸ் கேட்கிற துப்பாக்கி. கணக்குத் தெரியாதவர்கள்தான் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவார்கள்.

அதோடு, ஒலியின் வேகத்தை நெருங்கினால் பெல்லட் தடுமாறும். இங்கிலாந்தில் லைசன்ஸ் இல்லாத வரம்பே சுமார் 16 ஜூல். அதை வைத்தே எலியும் முயலும் அடிக்கிறார்கள். எலிக்குப் பத்துப் பன்னிரண்டு ஜூல் தாராளம்.

கீழ்மலைக்காரன்
கோழிக் கொட்டகை அண்ணா. பக்கத்திலேயே காப்பிக் கொட்டை காய வைக்கும் களம். முப்பது நாற்பது அடி இருக்கும். ஸ்கோப் வேண்டும். தோட்டத்துக்கும் அதையே எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன்.

ஊட்டி கேரட்
கொட்டகைக்கு மேல் என்ன கூரை? ஓடா, தகரமா, ஆஸ்பெஸ்டாஸா?

மேல்மலை பூண்டு
ஸ்கோப் விஷயத்தில் கவனம். சாதாரண ரைஃபிள் ஸ்கோப்பை ஸ்பிரிங் கன்னில் மாட்டினால் சில நாளிலேயே உள்ளே இருக்கும் குறிக் கம்பி ஆட்டம் கண்டுவிடும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னே உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றவுடன் முன்னே இழுக்கும். இந்த இரட்டை உதையைத் தாங்குகிற மாதிரி ஏர்கன்னுக்கென்றே செய்த ஸ்கோப் கேளுங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் நழுவாமல் இருக்க தடுப்பு ஊசி (ஸ்டாப் பின்) உண்டா என்றும் பாருங்கள். முப்பது அடிக்கு என்றால் ஸ்கோப்பே வேண்டாம், குழல் மேலேயே இருக்கும் இரும்புக் குறி போதும்.

இன்னொன்று, இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்கையை உள்ளங்கையில் சும்மா படுக்க வையுங்கள், துப்பாக்கி தன் போக்கில் உதைத்துக்கொள்ளட்டும். இறுக்கினால் குண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். பெல்லட் இல்லாமல் விசையை இழுக்கவே கூடாது, பிஸ்டன் நேராகப் போய் மோதி வாஷர் வீணாகும்.

மெக்கானிக் மாமா
குளிரைப் பற்றி நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஜனவரியில் பாருங்கள், வேகம் குறைகிறதா இல்லையா என்று.

பழைய குழல்
மாமா, எஃகுச் சுருளுக்கு ஊட்டிக் குளிர் ஒரு குளிரே இல்லை. கெட்டியாகிறது உள்ளே தடவிய கிரீஸ். அதை மாற்றினால் போதும். கேஸ் பிஸ்டனில் கேஸ் போய்விட்டால் வத்தலகுண்டு மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பிரிங் என்றால் புதுச் சுருள் போட்டு ஓட்டலாம். எஸ்டேட் பங்களாக்களில் அந்தக் கால ஐ.எச்.பி. (இந்தியன் ஹியூம் பைப்) கம்பெனி ஏர்கன் இன்னும் இருக்கிறது. தோல் வாஷருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சுடுகிறது.

ஊட்டி கேரட்
உண்மையில் மலையில் கவனிக்க வேண்டியது உயரம். ஊட்டி 2,240 மீட்டர், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டரில் காற்றே குறைவு, பிஸ்டன் எதை அமுக்கும்?

பழைய குழல்
எதிரே காற்றுத் தடையும் குறைவு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலி அடிக்க வானியல் வேண்டாம்.

மெக்கானிக் மாமா
வானியல் இல்லை, இயற்பியல்.

பழைய குழல்
அதுவும் உங்களிடம் இல்லை.

கூகை
சண்டை போடாதீர்கள். கேட்டவரிடம் ஒரு கேள்வி. "தோட்டத்துக்கும்" என்றால் என்ன? தோட்டத்தில் எதை அடிக்கப் போகிறீர்கள்?

கீழ்மலைக்காரன்
பட்டர் ஃப்ரூட் மரத்தில் மலை அணில் சார். பாதிக் காய் கடித்துப் போடுகிறது. அப்புறம் ராத்திரி எப்போதாவது முயல் வரும். ஒன்றிரண்டு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வோமா.

கூகை
இதைத்தான் நினைத்தேன். தம்பி, துப்பாக்கிக்கு லைசன்ஸ் வேண்டாம் என்பதால் வேட்டைக்கு அனுமதி என்று ஆகிவிடாது. மலை அணிலும் முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். உங்கள் பட்டா நிலம் என்பதால் விலக்கு கிடையாது. கொடைக்கானல் பக்கம் 2013இலிருந்து சரணாலயமும் இருக்கிறது. அதற்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம்.

மெக்கானிக் மாமா
எலி, காகம் எல்லாம் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறதே?

கூகை
இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறை. வீட்டு எலிக்குப் பிரச்சினை இல்லை. மற்றதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேல்மலை பூண்டு
பட்டர் ஃப்ரூட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். அது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். முற்றியவுடன் பறித்து வைக்கோலில் போடுங்கள், அணிலுக்கு விட்டு வைக்காதீர்கள். பக்கத்துச் சில்வர் ஓக் கிளை மரத்தைத் தொடுகிறதா? அதைக் கழித்துவிட்டு அடிமரத்தில் தகரம் சுற்றுங்கள். கிளை தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் சுற்றிப் புண்ணியமில்லை.

ஊட்டி கேரட்
கூரை கேட்டேனே, பதிலே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஒரு குண்டு போதும், மழைக்கு ஒழுகும். கல் சுவரில் பட்டால் திரும்பி வரும். எலி நடமாடும் இடத்துக்குப் பின்னால் மண் நிரப்பிய சாக்கை அடுக்குங்கள். பதினைந்து மீட்டருக்குள் தட்டைத் தலை பெல்லட் நல்லது, கூர்முனை வேண்டாம். ராத்திரி டார்ச்சில் சிவப்பு பேப்பர் ஒட்டுங்கள், எலிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

கூகை
முதலில் தீவனத்தை மூடி போட்ட தகர டிரம்மில் வையுங்கள். இரவில் தீவனம் சிந்திக் கிடக்கும்வரை எத்தனை எலி அடித்தாலும் வந்துகொண்டேதான் இருக்கும். விஷம் மட்டும் வைக்காதீர்கள். செத்த எலியை நாய் தின்னும், என் இனத்தாரான ஆந்தைகளும் தின்பார்கள்.

கீழ்மலைக்காரன்
மதுரை போய் வந்துவிட்டேன். 4.5, ஸ்கோப் இல்லாமல், சாதாரண ஸ்பிரிங். கடையில் ஆதார் நகல் வாங்கிக்கொண்டார்கள். டிரம்மும் வாங்கியாச்சு. கூரை தகரம். நன்றி.

ஊட்டி கேரட்
சாக்கு அடுக்கினீர்களா?

பழைய குழல்
மூடுபனியில் தோல் உறைக்குள் வைத்தால் பேரல் துருப்பிடிக்கும். வெளியே எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். பிஸ்டனுக்குள் எண்ணெய் ஊற்றினால் டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும், அதையும் யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் மாமா
என்ன சொன்னாலும் நான் கேஸ் பிஸ்டன் பக்கம்தான்.