தோல் ஜாக்கெட் கைமுனை: ஜிப் வைப்பதா, டிச் பட்டன் வைப்பதா?

இருசக்கரம்:
அளவு கொடுத்து ஒரு தோல் ஜாக்கெட் தைக்கச் சொல்லியிருக்கிறேன். 1.2 மி.மீ. மாட்டுத்தோல், முன்பக்கம் உலோக ஜிப். மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது, கைமுனையை எப்படி மூடுவது என்பதுதான் பாக்கி. ஜிப், டிச் பட்டன், பக்கிள் வைத்த பட்டை, எதுவுமே இல்லாமல் விடுவது என்று நான்கு வழி சொல்கிறார்கள். வண்டி ஓட்டும்போதும் போடுவேன், சும்மா வெளியே போகும்போதும் போடுவேன். என்ன சொல்கிறீர்கள்?

பழையதோல்:
ஜிப்தான். வண்டி ஓட்டும் ஜாக்கெட்டின் கைமுனையில் ஜிப் இருப்பது அழகுக்காக இல்லை. மணிக்கட்டைவிட உள்ளங்கை அகலம். கை நுழையும் அளவுக்குத் தைத்தால் மணிக்கட்டில் இடைவெளி விழுந்து, காற்று முழங்கை வரை ஏறும். மணிக்கட்டு அளவுக்குத் தைத்தால் கை நுழையாது. ஜிப் இருந்தால் திறந்து நுழைத்துவிட்டு இழுத்து மூடலாம். பக்கிள் வேண்டவே வேண்டாம், பெட்ரோல் டேங்கில் உரசிக் கோடு போட்டுவிடும்.

நேர்தையல்:
பக்கிள் விஷயத்தில் மறுப்பில்லை. ஜிப்பில்தான் எனக்கு வழக்கு. திறந்தால் விரிய வேண்டும் என்றால் ஜிப்புக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு தோல் துண்டு வைத்துத் தைப்பார்கள். மூடும்போது அது மடிந்து உள்ளே உட்காரும். 1.2 மி.மீ. தோலில் அந்த மடிப்பு மணிக்கட்டு எலும்பின் மேல் நாள் முழுக்க உறுத்தும். அப்புறம், கை நீளம் கொஞ்சம் கூடிப்போனால் என்ன செய்வீர்கள்? வெறும் கைமுனை என்றால் பிரித்து மடித்துவிடலாம். ஜிப் வைத்த கைமுனையைக் குறைப்பது பெரிய வேலை. டிச் பட்டன் என்றால் ஒரு பட்டை, ஒரு பட்டன், முடிந்தது.

பழையதோல்:
அந்த ஒரு பட்டனில்தான் பிரச்சினையே. டிச் பட்டன் தோலை ஒரே புள்ளியில் பிடிக்கிறது. இழுக்கும் விசை முழுக்க அந்த ஓட்டைக்குப் போகும். கொஞ்ச நாளில் ஓட்டை நீண்டு, குமிழ் பக்கம் பிய்ந்து கையோடு வரும். ஜிப்பில் அதே விசை தையல் முழுவதும் பரவுகிறது. இன்னொன்று, டிச் பட்டன் இழுத்தால் திறப்பதற்கென்றே செய்யப்பட்டது. கீழே விழுந்து சறுக்கும்போது கைமுனை திறந்து ஜாக்கெட்டின் கை மேலே ஏறினால், தோல் ஜாக்கெட் போட்டிருந்தும் முன்கை தரையில் தேயும்.

நேர்தையல்:
ஓட்டை நீளுவது பட்டனின் குற்றமா, அடித்தவரின் குற்றமா? இரண்டு அடுக்குத் தோலுக்கு நடுவே ஒரு துண்டு கெட்டித் துணியோ தோலோ வைத்து அடித்தால் அது அசையாது. தலை 15 மி.மீ. வரும் 24 லைன் பட்டன் கேளுங்கள், சின்னதாகப் போக வேண்டாம். 0.7 மி.மீ. ஆட்டுத்தோலாக இருந்தால் நானே யோசிப்பேன். இவருடையது மாட்டுத்தோல். விழும்போது திறக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பட்டையில் இரண்டு பட்டன் வையுங்கள், பிடிமானம் கூடும்.

ஜிப் பழுதானால் நிலைமை தெரியுமா? துணியில் ஊசி ஓட்டை மறையும், தோலில் மறையாது. பழைய ஜிப்பைப் பிரித்துவிட்டுப் புதியதை அதே ஓட்டைகள் வழியாகவே தைக்க வேண்டும். பக்கத்தில் புதிதாகக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும்.

சும்மாபார்ப்பவன்:
ஸ்வெட்டர் கைமுனை மாதிரி இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும் பின்னல் கைமுனையை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். அமெரிக்க ராணுவத்தின் ஏ-2 விமானி ஜாக்கெட் 1931-லேயே கம்பளிப் பின்னலோடு வந்தது. ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம்.

பழையதோல்:
அது விமானிக்கு. மழையில் வண்டி ஓட்டினால் பின்னல் தண்ணீரைக் குடித்துவிட்டு மணிக்கட்டில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தோல் பல வருஷம் இருக்கும், பின்னல் அதற்கு முன்பே நைந்துவிடும், பூச்சியும் அரிக்கும்.

இருசக்கரம்:
என் கையுறை குட்டை. மணிக்கட்டோடு நின்றுவிடும். அதனால் ஏதாவது மாறுமா?

பழையதோல்:
எல்லாமே மாறும், இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நீளமான கையுறை என்றால் அது கைமுனையின் மேல் ஏறி மூடிக்கொள்ளும், உள்ளே மெல்லியதாக எது இருந்தாலும் போதும். அங்கே நேர்தையல் சொல்வதில் நியாயம் உண்டு. குட்டைக் கையுறை ஜாக்கெட்டுக்கு உள்ளே போக வேண்டும். கையுறையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் கைமுனையை மூட வேண்டும். தடித்த விரல்களோடு டிச் பட்டனை எதிர்ப்பக்கம் தடவித் தேடி அழுத்திப் பாருங்கள். ஜிப் ரன்னரில் ஒரு தோல் வார் கட்டிவிட்டால் கையுறையோடே இழுக்கலாம்.

நேர்தையல்:
உங்கள் கையுறைக்கு ஜிப் பொருந்தும், சரி. ஆனால் கண்ட ஜிப்பை வைக்க விடாதீர்கள். முன்பக்கத்துக்குப் போடும் 8, 10 எண் ஜிப் கைமுனைக்குக் கனம். 5-ஆம் எண் போதும். ரன்னர் பூட்டும் வகையா என்று பாருங்கள். நாக்கைப் படுக்க வைத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஓட்ட ஓட்டத் தானாக இறங்கிவிடும். மேசையில் கை வைக்கும்போது உரசாத இடத்தில், முழங்கையிலிருந்து வரும் பின்தையலோடு ஜிப்பை ஓட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, ஜிப்பைத் தைப்பதற்கு முன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். கை நீட்டும்போது கைமுனை மேலே ஏறும். நின்றுகொண்டு எடுத்த அளவை வைத்து ஜிப் போட்டால் கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே வெறும் மணிக்கட்டு தெரியும்.

பழையதோல்:
அந்த முக்கோணத் துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஜிப் பற்கள் வழியாகக் காற்று வரும்.

நேர்தையல்:
வைக்கட்டும், ஆனால் ஜாக்கெட்டின் அதே தோலில் வேண்டாம். மெல்லிய ஆட்டுத்தோலில் வையுங்கள். உறுத்தல் பாதியாகக் குறையும்.

பழையதோல்:
ஆட்டுத்தோல் மடிப்பில் சீக்கிரம் நைந்துவிடும்.

நேர்தையல்:
உள்ளே இருக்கும் துண்டு எதில் உரசி நையப்போகிறது?

இருசக்கரம்:
5-ஆம் எண் ஜிப், பூட்டும் ரன்னர், பின்தையலில். வண்டியில் உட்கார்ந்து அளவு பார்த்த பிறகுதான் தைக்கச் சொல்லியிருக்கிறேன். முக்கோணத்துக்கு ஆட்டுத்தோல் மாதிரித் துண்டு ஒன்று கேட்டிருக்கிறேன். கையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.