போலீஸ் வாக்குமூலத்தில் இல்லாததைச் சாட்சி கூண்டில் சொன்னால்?

கேள்வி (ஜூனியர்):
கொலை முயற்சி வழக்கு, நான் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வக்கீல். அ.சா.2 (அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி) முதல் விசாரணையில் (அரசு வக்கீல் கேட்கும்போது), "டியூப்லைட் வெளிச்சத்தில் வெட்டியதைப் பார்த்தேன்" என்றார். 161 வாக்குமூலத்தில் (போலீஸ் விசாரணையின்போது எழுதிக்கொண்டது) வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "போலீசிடம் இதைச் சொல்லவில்லை, இன்று பொய் சொல்கிறீர்கள்" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். "சரியல்ல" என்று பதிவாகிவிட்டது. வாதத்தில் இது போதுமா?

பதில் (சீனியர்):
போதாது தம்பி, பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். மீதி புலன் விசாரணை அதிகாரியிடம் இருக்கிறது. "உங்கள் விசாரணையில் அ.சா.2 டியூப்லைட் வெளிச்சம் பற்றிச் சொன்னாரா?" என்று கேட்டு, "சொல்லவில்லை" என்ற பதிலை வாங்குங்கள். அப்போதுதான் அந்த விடுபடல் நிரூபணமாகும்.

நான் தொழிலுக்கு வந்த நான்காம் வருடம், கண்ணால் கண்ட சாட்சியிடம் மூன்று விடுபடல்களை அழகாகக் கேட்டேன். அதிகாரி கூண்டேறியபோது எஃப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் பிடித்துக் குடைந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தீர்ப்பில் 'முரண்பாடு நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரே வரி. கட்சிக்காரருக்குத் தண்டனை. இன்றும் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து, சாட்சி மறுத்த நொடியே அதிகாரிக்கான கேள்வியை நோட்டின் வலது பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். 'சரியல்ல' என்றது எதற்கு? இனிப் பிரித்துக் கேளுங்கள்.

வாக்குமூலத்தில் 'இருட்டாக இருந்தது' என்று நேர்மாறாக இருந்தால் வழி வேறு. அந்த வரியை மட்டும் படித்துக் காட்டி, சாட்சி மறுத்தால் அதிகாரி மூலம் நிரூபித்துக் குறியீடு செய்ய (சான்றாவணமாக எண்ணிட்டுப் பதிய) வேண்டும். முழு வாக்குமூலத்தையும் குறியீடு செய்துவிடாதீர்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 145, புதியதில் 148. எல்லா விடுபடலும் முரண்பாடாகாது. முக்கியமானதாக இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் தஹசில்தார் சிங் வழக்கை (1959) ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

பதில் (இன்னொருவர்):
பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய குறிப்பு) மாதிரி வரைபடத்தையும் (அந்த இடத்தின் படம்) எடுத்துப் பாருங்கள். விளக்கு அதில் இல்லையென்றால் அதையும் அதிகாரியிடமே கேளுங்கள். இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். மகஜரில் விளக்கு இல்லை. அதிகாரிக்கு இன்னும் சம்மன் போகவில்லை. "ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டால்?

சீனியர்:
வாக்குமூலத்தைக் கையில் கொடுத்து, பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியது அவர்தானே. ஒருவேளை கேட்க விட்டுப்போனால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 311-இல் (புதியதில் 348) அவரைத் திரும்ப அழைக்க உடனே மனுப் போடுங்கள். வாதம் வரை காத்திருக்க வேண்டாம்.