கொழுந்துக் கூடையை விளக்காக்கலாமா?

கொட்டகலைக் கைவேலை:

சென்ற வாரம் நான் இங்கே இட்ட படத்தில், தேயிலைக் கொழுந்து பறித்து முதுகில் சுமக்கும் ஒரு பழைய கொழுந்துக் கூடை கவிழ்ந்த நிலையில், உள்ளே மஞ்சள் மின்குமிழுடன், சாப்பாட்டு மேசைக்கு மேலே பித்தளைச் சங்கிலியில் தொங்கியது. பலர் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், "உங்கள் அம்மாயியின் முதுகைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள்" என்று எழுதினார். அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வேலையைத் தொடங்க மனம் வரவில்லை. தேயிலைப் பெட்டியைப் புத்தக அடுக்காகவும், மீள்நடுகைக்காகப் பிடுங்கி எறிந்த தேயிலைத் தூரைக் கண்ணாடி மேசையின் காலாகவும், தேயிலைச் செடியைக் கத்தரிக்கும், தேய்ந்த கவ்வாத்துக் கத்தியைச் சட்டை மாட்டும் கொக்கியாகவும் மாற்றியிருக்கிறேன். இவற்றில் ஒன்றைக்கூட எவரிடமும் பறித்ததில்லை. எல்லாம் பழைய இரும்புக் கடையிலும் குப்பை மேட்டிலும் கிடைத்தவை. எரிந்து போகவிருந்த பொருளை வீட்டுக்குள் எடுத்து வைப்பது எப்படி அவமதிப்பாகும்?

பண்டாரவளை வாசகன்:

அந்த வரியை எழுதியவன் நான்தான், தம்பி. உங்கள் கைத்திறனில் எனக்குக் குறையில்லை. தூரில் செய்த மேசை அழகாகவே இருக்கிறது. அதை யாரும் தலையில் சுமக்கவில்லை. கூடை அப்படிப்பட்ட பொருளன்று. நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்வதற்கே 2021 வரை காத்திருந்த மக்கள் தலையில் கயிறு மாட்டிச் சுமந்த பொருளை 300 ரூபாய்க்கு வாங்கி, சங்கிலியும் மின்குமிழும் சேர்த்து, சுற்றுலா பங்களாக்களுக்கு 7500 ரூபாய்க்கு விற்பதாக நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கே சாப்பிட உட்காருகிறவருக்கு அது ஒரு வேலைப்பாடுள்ள பின்னல், அவ்வளவே. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996 இல் விடுதியாக்கியபோது கட்டடம் இடிபடாமல் தப்பியது என்பதை நான் மறுக்கவில்லை. ஹந்தானையிலும் 1925 இல் கட்டிய தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் அங்கே கிடைக்கும் விளக்க அட்டை, கூடைக்கு உங்கள் சாப்பாட்டு மேசையில் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற டீமேக்கர்:

தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்தும் வேலையில் இருந்தவன் நான். மரியாதையைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள். எனக்கு அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கவலை. ஈயத்தாள் என்று இன்று நாம் அலுமினியத் தாளையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மிகப் பழைய தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது மெய்யான ஈயம். கண்டுபிடிப்பது எளிது: ஒரு மூலையைச் சிறிது மடித்துப் பாருங்கள். அலுமினியம் பளபளப்பாக, சரசரவென்று ஒலிக்கும். ஈயம் மங்கிய சாம்பல் நிறத்தில், கனமாக, மடித்த இடத்திலேயே சோர்ந்து கிடக்கும், வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போலக் கோடு விழும். கோடு விழுந்த பெட்டியில் அரிசியும் வேண்டாம், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளும் வேண்டாம். சோதித்த பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள்.

பங்களாக்களிலிருந்து கழற்றிய கதவுகளும் இப்படித்தான். இலங்கையில் சாயத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சாயத்தை உப்புத்தாளால் வறட்டாகத் தேய்த்தால் தூசு வீடு முழுக்கப் பரவும். ரயில் சிலிப்பர் கட்டையில் கட்டில் செய்கிறவர்களுக்கும் ஒரு சொல்: அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் புற்றுநோயோடு தொடர்புடையது, படுக்கையறைக்கு ஆகவே ஆகாது. 1924 இல் பதுளைக்குப் பாதை வந்தபோது போட்ட கட்டை என்று சொல்லி விற்பவரையும் நம்ப வேண்டாம். எந்தக் கட்டையும் அத்தனை காலம் நம் மழையில் கிடந்து உழைக்காது.

கொட்டகலைக் கைவேலை:

ஐயா, இன்று காலையே மடித்துப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் கோடு விழுந்தது. அதில் என் மகளின் பொம்மைகள் இருந்தன. பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டேன், நன்றி.

வாசகன் அண்ணனுக்கு: எங்கள் வீட்டிலேயே நான் சிறுவனாக இருந்தபோது, அடி போன கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சுகளை மூடி வைத்தோம், பிறகு அடுப்புக்கு வைத்தோம். அப்போது எவரும் அம்மாயியின் முதுகு எரிகிறது என்று சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையும் இந்தியாவும் 1964 இல் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதிக்கொண்டதே, அதில் எங்கள் பெரியப்பா குடும்பமும் போனது. அப்போது போவதற்காக வாங்கி, பெயர் வராததால் போகாமல் நின்றுவிட்ட எங்கள் அப்பாவின் தகர ட்ரங்குப் பெட்டி இன்று எங்கள் முன்னறையில் தேநீர் மேசையாக இருக்கிறது. துருவைச் சுரண்டி மெழுகு பூசினேன். மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய பெயரின் மேல் கை வைக்க அம்மா விடவில்லை. அந்த எழுத்துக்களைச் சுற்றித்தான் சுரண்டினேன். உள்ளே இன்றும் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றன. இதுவும் தவறா?

பண்டாரவளை வாசகன்:

தவறில்லை. அந்தப் பெட்டி யாருடையது, எதற்காக வாங்கியது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளுக்கும் தெரிய வரும். இரும்புக் கடையில் வாங்கிய கூடைக்கு அப்படியொருவர் இல்லை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீட்டிலேயே), 2007 இலிருந்து தொழிலாளர் நூதனசாலை இயங்குகிறது. நல்ல கூடை கையில் சிக்கினால் அங்கே கேட்டுப் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

மேல்கணக்குப் பெண்:

நீங்கள் இருவரும் லயத்தை விட்டுப் போனவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. நான் இன்றும் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒற்றை அறையில், இருக்கிறேன். கழித்த பொருளில் அலங்காரம் செய்வதை நேற்றுக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறீர்கள். சுவர் ஈரத்தை மறைக்கப் பத்திரிகைத் தாளையும் பழைய காலண்டர் படங்களையும் ஒட்டினோம். பால்மா டின்னிலும் சாய வாளியிலும் இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை) நெடுக ஜெரேனியம் வைத்தோம். எங்களுக்குக் கிடைத்தது பாராட்டன்று. சுகாதாரப் பரிசோதகர் வந்து, நுளம்பு பெருகும் இடங்களைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி டின்களைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு டின்னின் அடியிலும் மூன்றங்குல ஆணியால் ஐந்து துளை போட்டு, கீழே தட்டு வைக்காமல்தான் வளர்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கூடை விடயத்துக்கு வருகிறேன். எங்கள் அம்மாவின் கூடையை நானே 800 ரூபாய்க்கு விற்றேன், பிள்ளையின் கொப்பிகளுக்காக. அண்ணன் அதற்காக வருந்த வேண்டாம். விற்கவும் எனக்கு உரிமை உண்டு. இப்போது எடுப்பது நைலோன் சாக்கு, அந்தக் கூடைக்கு வேலையும் இல்லை. ஆனால் தம்பியின் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் கயிறு கட்டியிருந்த இரண்டு இடங்களிலும் பிரம்பு வழுவழுவென்று தேய்ந்து கறுத்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் பறிக்கும் கொழுந்து 18 கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அந்தப் பாரமெல்லாம் அந்த இரண்டு இடங்களில்தான் இழுத்தது. கயிற்றை ஏன் வெட்டினீர்கள்?

கொட்டகலைக் கைவேலை:

அழுக்காக இருந்ததால் வெட்டினேன், அக்கா. வேறு காரணம் ஒன்றும் இல்லை. வெட்டிய கயிறு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற டீமேக்கர்:

அதிலேயே தொங்கவிடுவதென்றால் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள்; உள்ளே மெல்லிய உருக்குக் கம்பி ஓடட்டும், பாரத்தைக் கம்பி தாங்கும். சூடேறும் பழைய மின்குமிழை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போடுங்கள். பிரம்பிலிருந்து மாவுபோல் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது.

பண்டாரவளை வாசகன்:

கயிறு திரும்பக் கட்டப்பட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் பங்களாவுக்கு விற்பதைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

கொட்டகலைக் கைவேலை:

இந்தக் கூடையை விற்கப் போவதில்லை, அண்ணன், மற்றவற்றை விற்பேன். மேல்கணக்கு அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். கயிற்றின் ஒரு முனையில் முடிச்சு அப்படியே இருக்கிறது, மறு முனையை நான் வெட்டிவிட்டேன். இருக்கும் முடிச்சைப் பார்த்துப் பலமுறை கட்டிப் பார்த்தும் பாரம் தொங்கியதும் நழுவிவிடுகிறது. உங்கள் அம்மா அதை எப்படிக் கட்டுவார்?