கருவுற்ற பிறகும் நொதிகளுக்கு வேலை உண்டா?

கேள்வி – ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

வணக்கம். எஸ்.டி.பி.எம். உயிரியல் தேர்வுக்குப் படித்து வருகிறேன். விந்தணுவின் தலைமுனையில் உள்ள நொதிகள் கருமுட்டையின் உறைகளைக் கரைத்து வழி செய்கின்றன என்பது புரிகிறது. அதற்குப் பின் நொதிகளைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. கருவின் சொந்த மரபணுக்கள் முதல் சில செல் பிளவுகளின்போது ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றன என்றால், பிளவுக்கு வேண்டிய நொதிகள் எங்கிருந்து வருகின்றன?

பதில் – ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அவை தாயின் சேமிப்பு. முட்டை முதிரும்போதே டி.என்.ஏ. பாலிமரேஸ், கைனேஸ் போன்ற நொதிகளையும், மேலும் தயாரிப்பதற்கான தூது ஆர்.என்.ஏ.க்களையும் தாயின் மரபணுக்கள் அதில் நிரப்பி வைத்துவிடுகின்றன. மனிதக் கருவின் மரபணுக்கள் பெரிய அளவில் விழிப்பது 4 முதல் 8 செல் நிலையில்தான். எலியிலோ 2 செல் நிலையிலேயே.

விந்தணுவும் வெறுங்கையோடு வருவதில்லை. அது கொண்டுவரும் பாஸ்போலிப்பேஸ் சி சீட்டா என்னும் நொதி முட்டைக்குள் கால்சியம் அலைகளை எழுப்ப, முட்டையின் விளிம்பில் காத்திருக்கும் நுண்பைகள் வெடித்து, ஓவாஸ்டாசின் என்ற நொதி வெளிப்படுகிறது. அது மேலுறையிலுள்ள இசட்.பி.2 புரதத்தை வெட்டிவிடுவதால், அடுத்த விந்தணு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போகிறது.

பதில் – செம்பனை ஆலை ஆய்வுக்கூடப் பணியாளர்

ஐயா சொன்ன அந்த நுண்பைகளைப் படித்ததும் எங்கள் ஆலைதான் நினைவுக்கு வந்தது. செம்பனைப் பழச் சதையில் எண்ணெயும் லைப்பேஸ் நொதியும் அருகருகே இருந்தாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. லாரியிலிருந்து கொட்டும்போது பழம் நசுங்கினால், செல் உடைந்து, நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கிவிடும். அதனால்தான் குலைகளை விரைவாக நீராவியில் வேகவைத்து அந்த நொதியை அழிக்கிறோம். அங்கே தற்செயலாக உடைவது, முட்டையில் உரிய நொடிக்காகவே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, அண்ணா. ஒரே ஒரு ஐயம்: கரு அந்த உறையை விட்டு எப்படி வெளியேறுகிறது?

பதில் – ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

ஏறத்தாழ 5ஆம் நாளில் வெளிப்புறச் செல்களிலுள்ள சோடியம்–பொட்டாசியம் ஏ.டி.பி.யேஸ் சோடியத்தை அச்செல்களிலிருந்து கருவின் உட்புறத்துக்கு இறைக்கிறது. அதைத் தொடர்ந்து நீர் புகுந்து குழி உருவாகிறது. இறைப்பான் என்று நாம் படிக்கும் இதுவும் ஒரு நொதியே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கரு விரிந்து அழுத்த, புரதச்சிதைப்பு நொதிகளும் உறையை மெலிதாக்க, அது வெளியேறுகிறது. பின்னர் கருப்பைச் சுவரில் பதியும்போது, அங்குள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அறுத்து வழி செய்வதும் கருவின் வெளிச்செல்கள் சுரக்கும் நொதிகள்தாம்.