எச்பி-97 கால்குலேட்டர்: தெர்மல் ஹெட்டில் ஒரு புள்ளி மட்டும் அச்சாகவில்லை

கேள்வி (நாகர்கோவில்):
அப்பா நில அளவைக் கணக்குகளுக்குப் பயன்படுத்திய, விடையைத் தாளில் அச்சிட்டுத் தரும் எச்பி-97 கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. 1976-இல் வெளிவந்த மாடல். பேட்டரி கசிந்திருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, அடாப்டரை மட்டும் செருகி இயக்கினேன். முதலில் எழுத்துகளின் நடுவே கறுப்புக் கோடு ஒன்று இழுத்தாற்போல் விழுந்தது. சற்று நேரத்தில் அதே இடம் வெள்ளையாகிவிட்டது. இப்போது 8-க்கும் 0-க்கும் வேறுபாடு தெரியவில்லை. வேறு தெர்மல் ஹெட் (சூட்டால் தாளில் புள்ளிகளைப் பதிக்கும் பகுதி) வாங்கி மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில் (தக்கலை):
ஐயா, ஹெட்டை உடனே மாற்ற வேண்டாம். அதில் மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் ஏழு சிறு ரெசிஸ்டர்கள் மேலிருந்து கீழாக அமைந்துள்ளன; ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே சூடாக வேண்டும். உங்களுக்கு முதலில் கறுப்புக் கோடு விழுந்ததென்றால், நான்காவது ரெசிஸ்டருக்கு மின்சாரம் நிற்காமல் ஓடி, அதுவே அதை எரித்திருக்கிறது. ஹெட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் டிரைவர் சிப்பில் அந்த வழி ஷார்ட் ஆகியிருந்தால் (மின்சாரம் நிற்காமல் பாயும்படி பழுதாகியிருந்தால்) புது ஹெட்டும் அதே இடத்தில் எரியும். பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் இயக்கக் கூடாது என்பது இந்த இயந்திரத்தின் கையேட்டிலேயே உள்ள எச்சரிக்கை.

பதில் (குளச்சல்):
கடற்காற்றில் இருந்த இயந்திரமென்றால் ஹெட்டுக்குச் செல்லும் கேபிளையும் பாருங்கள். ஹெட் இடமும் வலமும் ஓடுவதால் கேபிள் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கலாம். உப்பேறி கனெக்டரில் பச்சை பிடித்திருந்தாலும் எரிந்த ஹெட் போலவே தோன்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, கேபிள் முனையில் அல்லாமல் ஹெட்டின் மேலேயே மல்டிமீட்டரை வைத்து அளவெடுங்கள். ஏழும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும்.

பதில் (தக்கலை):
அப்படியும் நான்காவது ஓப்பன் (உள்ளே அறுந்து மின்சாரம் பாயாத நிலை) என்றால், அதை ஒட்டவைக்க வழியில்லை. பழுதான வேறொரு எச்பி-97-இலிருந்துதான் ஹெட் எடுக்க வேண்டும். அதற்கு முன், நல்ல பேட்டரியைப் போட்டு, எரிந்த ரெசிஸ்டரின் இடத்தில் அதே ஓம் அளவுள்ள, கூடுதல் வாட் தாங்கும் சாதாரண ரெசிஸ்டரை இணைத்து, அச்சிடாமல் இருக்கும்போது அதன் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். சுழி காட்டினால்தான் ஹெட்டை நம்பி மாட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆறு ரெசிஸ்டர்களும் ஒத்த அளவு காட்டின, நான்காவது ஓப்பன். புதிய பேட்டரியுடன் சோதித்தபோது, அச்சிடாமல் இருக்கும் நேரத்திலும் அந்த வழியில் வோல்ட் நிற்கிறது. ஆகவே, ஹெட்டுடன் டிரைவர் சிப்பும் நல்ல நிலையில் உள்ள பழைய இயந்திரம் ஒன்றைத் தேடுகிறேன்.