மருந்து தயாரிப்பில் மாற்றியமைத்த நொதிகள்: உலோக வினையூக்கிகளை ஓரங்கட்டிவிடலாமா?

நொதிநேசன்:
சிட்டாகிளிப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீரிழிவு மருந்துக்கு முன்பு ரோடியம் வினையூக்கியும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் தேவைப்பட்டன. மெர்க், கோடெக்ஸிஸ் நிறுவனங்கள் 2010இல் வெளியிட்ட வழியில் அந்த வேலையை, அமினோ தொகுதியை இடம் மாற்றும் ஒரு டிரான்சமினேஸ் நொதி செய்துவிட்டது. தொடக்கத்தில் மூலக்கூறு நொதியின் வினை நடக்கும் குழிக்குள் நுழையவே இடமில்லை; நொதியின் அமினோ அமிலங்களில் 27 மாற்றங்கள் செய்து வழி உண்டாக்கினார்கள். கழிவு 19 சதவீதம் குறைந்தது. மருந்திலிருந்து ரோடியத்தை நீக்கும் தொல்லையும் ஒழிந்தது. இனி உலோகம் எதற்கு?

கரிமவேதியன்:
விற்பனையில் நிலைத்துவிட்ட மருந்தைக் காட்டிப் பேசுகிறீர்கள். சோதனைக் கட்டத்திலேயே கைவிடப்படும் மூலக்கூறுகள்தாம் மிகுதி. அவை ஒவ்வொன்றுக்கும் சுற்றுச் சுற்றாக நொதியைத் திருத்திக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? வினை முடிந்தபின் பொருளைப் பிரிக்கப் படும் தொல்லையையும் சொல்லுங்கள். பிரிபுனலில் எத்தில் அசிடேட் ஊற்றிக் குலுக்கினேன். இரு அடுக்குக்கும் நடுவே புரதம் வெண்ணிறக் கூழாகத் திரண்டு நின்றது. மறுநாள் காலை வரையிலும் பிரியவில்லை.

நொதிநேசன்:
அமிலம் சேர்த்துப் புரதத்தைத் திரியவிட்டு, செலைட் என்ற வடிகட்டும் தூள் வழியாக வடிகட்டிய பிறகு பிரித்துப் பாருங்கள். இது தீராத சிக்கல் இல்லை.

ஈரல்வேதி:
இருவரும் பெரிய தொட்டிகளையே பார்க்கிறீர்கள். எனக்கு வேண்டியது சில மில்லிகிராம் வளர்சிதைப்பொருள். மருந்து உடலுக்குள் எதுவாக மாறுகிறது, அது நஞ்சா என்று அறியாமல் எப்படி மாத்திரை கொடுப்பது? ஒவ்வாமை மருந்தான டெர்ஃபெனடின் இதயத் துடிப்பைக் குலைத்ததால் விலக்கப்பட்டது. ஈரல் அதை மாற்றித் தரும் ஃபெக்ஸோஃபெனடினோ பாதுகாப்பான மருந்தாக நிலைத்தது. ஒரே ஒரு கார்பனில் ஹைட்ராக்சில் ஏற்றப் பல படிகள் உழைப்பதைவிட, பேசில்லஸ் மெகடீரியம் என்ற பாக்டீரியாவின் பி450 பிஎம்3 நொதியைத் திருத்துவது எளிது. பி450 என்பது மூலக்கூறில் ஆக்சிஜனை ஏற்றும் நொதிக் குடும்பம். மனித பி450 சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும். எலக்ட்ரான் கொடுக்கத் தனித் துணைப் புரதமும் கேட்கும். பிஎம்3 நீரில் கரையும். துணைப் புரதம் அதன் சங்கிலியிலேயே இருக்கிறது.

கரிமவேதியன்:
மில்லிகிராம் அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருத்திய பிஎம்3 பல இடங்களில் ஆக்சிஜனை ஏற்றிக் கலவையாகத் தந்தால்? கிடைத்தது மனித ஈரலில் உருவாகும் அதே பொருள்தானா என்று யார் உறுதி செய்வது?

ஈரல்வேதி:
அதற்காகத்தான் மனித ஈரல் மைக்ரோசோம்களிலும் (ஈரல் செல்லிலிருந்து பிரித்த, பி450 ஒட்டியுள்ள சவ்வுத் துணுக்குகள்) அதே மருந்தை வினைபுரியவிட்டு, நிறமாலைமானியில் இரண்டையும் ஒப்பிடுகிறோம். ஒத்து வராததை ஒதுக்கிவிடுகிறோம். கலவையாக வருவதிலும் பயன் உண்டு: ஒரே வினையில் மூன்று வளர்சிதைப்பொருள்கள் கிடைத்தால், மூன்றையும் பிரித்துச் சோதனைக்கு அனுப்பிவிடுவேன்.

கரிமவேதியன்:
சரி, அவற்றில் ஒன்று கிலோ கணக்கில் தேவைப்பட்டால்? பி450க்கு எலக்ட்ரான் தரும் விலையுயர்ந்த துணைப்பொருளான என்ஏடிபிஹெச்சை வாங்கிக் கொட்ட முடியாது.

நொதிநேசன்:
கொட்ட வேண்டாம். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியையும் குளுக்கோசையும் சேர்த்துவிட்டால், எலக்ட்ரானை இழந்த சிறிதளவு என்ஏடிபியே திரும்பத் திரும்ப என்ஏடிபிஹெச்சாகப் புதுப்பிக்கப்படும். ஆக்சிஜனைப் போதிய அளவில் கரைய வைப்பதுதான் கடினம். அங்கே உங்கள் வினைக்கல அனுபவம் எனக்குத் தேவை.