மெர்ல் டிராவிஸும் செட் அட்கின்ஸும்: யாருடைய பாணி, யாருடைய தாக்கம்?

ஆறுதந்தி கேட்கிறார்:

சில மாதங்களாக அமெரிக்கக் கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸின் பழைய ஒலிப்பதிவுகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். தடித்த தந்திகளில் தாளம் ஒரு பக்கம் நடக்க, மெல்லிய தந்திகளில் மெட்டு தன்போக்கில் பாட, இவ்வளவும் ஒரே ஆளின் இரண்டு கைகளிலிருந்து வருகிறது என்பதை நம்புவதற்கே நேரமாகிறது. ஆனால் அவரைப் பற்றி எங்கே படித்தாலும் இன்னொரு கிட்டார் கலைஞரான மெர்ல் டிராவிஸின் பெயர் முன்னால் வந்து நிற்கிறது. அட்கின்ஸ் அவரைப் பின்பற்றியவர் மட்டும்தானா, அல்லது அவருடைய பங்கு தனியானதா? விரலால் வாசிக்கப் பழகிவரும் எனக்கு இது தெளிவாகத் தெரிய வேண்டும்.

மேசைவிளக்கு:

டிராவிஸிலிருந்து தொடங்குவதே முறை. அவர் 1917-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மியூலன்பெர்க் வட்டாரத்தில் பிறந்தவர். தந்தையும் சுரங்கத் தொழிலாளிதான். கட்டைவிரலைத் தாளத்துக்கு என்றே ஒதுக்கிவிடும் வாசிப்பு முறை அந்தப் பகுதியில் அவருக்கு முன்பே வழக்கில் இருந்தது. மோஸ் ரேஜர், ஐக் எவர்லி ஆகியோரிடமிருந்து அவர் அதைக் கற்றுக்கொண்டார். அவர்களுக்கும் முன்னால் கென்னடி ஜோன்ஸும், ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் இருந்தார்கள். ஷுல்ட்ஸ் ஓர் ஒலிப்பதிவுகூடச் செய்யாமல் 1931-இல் இறந்துபோனார். இந்தப் பாணிக்கு டிராவிஸின் பெயர் நிலைத்துவிட்டாலும், ஷுல்ட்ஸை விட்டுவிட்டு அதன் வரலாற்றைச் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி டிராவிஸின் வலக்கையைக் கவனியுங்கள். கட்டைவிரலில், தந்தியைத் தட்டுவதற்கான சிறு தகடான பிக் மாட்டியிருப்பார். இடக்கையால் சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) பிடித்தால் கட்டைவிரல் ஐந்தாம் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் மாறி மாறிப் போய்வரும். பல இடங்களில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்தே தட்டும். உள்ளங்கையின் ஓரம், தந்திகளைக் கிட்டாரின் உடல்மேல் தாங்கும் பிரிட்ஜின் அருகே தந்திகளின் மேல் லேசாகப் படிந்திருப்பதால் அந்த ஒலி நீளாமல் சட்டென்று அடங்கி, தாளக் கருவி போலக் கேட்கும். மெட்டு முழுவதையும் சுட்டுவிரல் ஒன்றே பார்த்துக்கொள்ளும். இடக்கையின் கட்டைவிரலும் சும்மா இருப்பதில்லை. கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைந்து வந்து, எல்லாவற்றிலும் தடித்த ஆறாம் தந்தியை அழுத்தும்.

பாடலாசிரியராகவும் அவர் பெரியவர். சுரங்க வாழ்க்கையைப் பற்றி அவர் 1946-இல் பதிவு செய்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாடல், 1955-இல் பாடகர் டென்னசி எர்னி ஃபோர்டின் குரலில் நாடெங்கும் ஒலித்தது.

வானொலிப்பிரியை:

மேலே உள்ள பதிலை ஏற்கிறேன், ஆனால் அட்கின்ஸைப் 'பின்பற்றியவர்' என்ற சொல்லுக்குள் அடைப்பதை ஏற்க இயலாது. 1924-இல் டென்னசியின் லட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்த அவர், ஆஸ்துமாவின் காரணமாக ஜார்ஜியாவில் இருந்த தந்தையிடம் சென்று வளர்ந்தார். அங்கேதான் சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ வானொலியில் டிராவிஸின் வாசிப்பைக் கேட்டார். வானொலியில் விரல்கள் தெரியாதல்லவா? ஒரே சுட்டுவிரலால் இவ்வளவும் வர முடியும் என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றவில்லை; ஆகவே கட்டைவிரலோடு மேலும் இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துத் தானாகவே ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். கூடுதல் விரல்கள் கிடைத்ததால் அவரால் மெட்டுக்கு அடியில் இன்னொரு குரலையும் ஓடவிட முடிந்தது; ஜாஸ், செவ்வியல் இசை ஆகியவற்றின் சாயல்களையும் உள்ளே கொண்டுவர முடிந்தது. டிராவிஸின் வாசிப்பில் உள்ள துள்ளலும் முரட்டுத்தனமும் அட்கின்ஸிடம் குறைவுதான். அதற்கு ஈடாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் துலங்கும் தெளிவு அவரிடம் இருந்தது.

அவருடைய தாக்கம் வாசிப்போடு நின்றுவிடவில்லை. 1957 முதல் ஆர்.சி.ஏ இசைத்தட்டு நிறுவனத்தின் நாஷ்வில் நகரப் பணிகளைப் பொறுப்பேற்று நடத்தியபோது, நாட்டுப்புற வாசிப்புக்கு உரிய பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் குழுவையும் சேர்ந்திசைக் குரல்களையும் முன்னால் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். அமெரிக்கக் கிராமப்புற மரபில் வந்த கன்ட்ரி இசையின் மண்வாசனை அதனால் குறைந்தது என்ற குறை அன்றே எழுந்தது, அதில் உண்மையும் உண்டு. ஆயினும் ராக் இசை பெருகிவந்த அந்த ஆண்டுகளில் கன்ட்ரி இசைக்குப் புதிய கேட்போரைச் சேர்த்துக் கொடுத்ததும் அந்த மாற்றம்தான்.

ஆறுதந்தி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்றைய கலைஞர்களில் இந்த மரபு யாரிடம் தெரிகிறது? நான் எதிலிருந்து பழகத் தொடங்கலாம்?

மேசைவிளக்கு:

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அட்கின்ஸின் தீவிர ரசிகர். அட்கின்ஸின் பெயரோடு வந்த கிரெட்ச் கிட்டாரையே 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தார். ராக் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளர் 1990-இல் அட்கின்ஸோடு சேர்ந்து ஓர் ஆல்பமே வெளியிட்டார். இன்று நேரில் கேட்கக்கூடியவர்களில் ஆஸ்திரேலியரான டாமி இம்மானுவேலைத்தான் முதலில் சொல்வேன். அட்கின்ஸ் மிகச் சிலருக்கே தம் கையால் வழங்கிய சி.ஜி.பி ('சர்டிஃபைடு கிட்டார் பிளேயர்', அதாவது சான்று பெற்ற கிட்டார் கலைஞர்) என்ற பட்டத்தை 1999-இல் பெற்றவர் அவர்.

பழகுவதற்கு முதலில் மெட்டை மறந்துவிடுங்கள். கட்டைவிரல் மட்டும், நீங்கள் வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தாலும் தடுமாறாமல் நடக்கும் நிலை வரட்டும். அதன்பின் சுட்டுவிரலால் ஒரு சுரம், பிறகு இன்னொன்று எனச் சேருங்கள். கூடவே, டிராவிஸும் அட்கின்ஸும் இணைந்து 1974-இல் வெளியிட்ட ஆல்பத்தைக் கேளுங்கள். இரண்டு கிட்டார்களும் அருகருகே ஒலிப்பதால், எது யாருடைய கை என்று பிரித்தறிய அதைவிட நல்ல பயிற்சி இல்லை.